படத்தில் சிக்காத புலியை எண்ணுவது எப்படி?

“இந்தியாவின் 2018 புலிக் கணக்கெடுப்பில் கேமராவில் பதிவான புலிகள் 2,461. அறிவித்த எண்ணிக்கையோ 2,967. மீதி 506 புலிகளை யார் பார்த்தார்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி.

யாரும் பார்க்கவில்லை. அவை கணக்குப் போட்டுக் கண்டறிந்தவை. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு அது.

காட்டுப்பாதையின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் எதிரெதிரே இரண்டு தானியங்கி கேமராக்களைக் கட்டுகிறார்கள். உடல்சூடுள்ள விலங்கு குறுக்கே நடந்தால் அவை தாமாகவே படமெடுக்கும். இரண்டு எதற்கு? புலியின் இடப்பக்க வரிகள் வலப்பக்கத்தில் அப்படியே இருப்பதில்லை. விலாவில் ஒரு வரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேரும். தொடையில் ஒன்று பாதியில் நின்றுவிடும். நம் கைரேகையைப் போல, ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு வராது.

இனி கணக்கு. ஒரு காட்டில் முதல் சுற்றில் 20 புலிகள் பதிவாகின்றன. அடுத்த சுற்றில் 25. வரிகளை ஒப்பிட்டால் அந்த 25-இல் 10 ஏற்கெனவே பார்த்த புலிகள். அதாவது, இரண்டாம் சுற்றில் ஐந்துக்கு இரண்டு பழைய முகங்கள். அப்படியானால் முதல் சுற்றில் நாம் பார்த்ததும் மொத்தப் புலிகளில் ஐந்துக்கு இரண்டு பங்குதான் என்று கொள்ளலாம். 20 என்பது ஐந்தில் இரண்டு என்றால் மொத்தம் 50. படத்தில் இருப்பவை 35. ஒரு முறைகூடச் சிக்காதவை 15! பார்த்ததையே மறுபடி எத்தனை முறை பார்க்கிறோம் என்பதிலிருந்து பார்க்காததன் அளவு தெரிந்துவிடுகிறது. எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் இது எனக்கு வியப்புதான்.

நடைமுறையில் சுற்றுகள் பல; எந்தப் புலி எந்தக் கேமராவில் பதிவானது என்பதும் கணக்கில் சேரும். கேமரா வைக்காத காடுகளுக்குக் கால்தடம், எச்சம், இரைவிலங்குகளின் அடர்த்தி ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். அதனால்தான் அந்த 2,967-உம் 2,603 முதல் 3,346 வரை என்ற வீச்சின் நடுவே நிற்கும் மதிப்பீடு. அந்த வீச்சையும் சேர்த்தே செய்தித்தாள்கள் அச்சிட வேண்டும் என்பது என் கட்சி.

முன்பு கால்தடத்தை மட்டும் வைத்துப் புலியை அடையாளம் கண்டார்கள். ஏட்டில் புலிகள் இருந்த ராஜஸ்தானின் சரிஸ்காவில் 2005-இல் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று தெரியவந்தது. புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் 1990-களிலேயே கேமரா முறையைச் செய்து காட்டியிருந்தார். நாடு முழுதும் அதை ஏற்கத் தாமதித்ததற்கு நாம் கொடுத்த விலை பெரிது.

வரி இல்லாத விலங்கை எப்படி எண்ணுவது? செந்நாய்க்கு வரி இல்லை. அதுவும் அழியும் நிலையில் உள்ள விலங்கு. முதுமலையிலும் ஆனைமலையிலும் இருக்கிறது. ஒரு செந்நாயை இன்னொன்றிலிருந்து படத்தில் பிரித்தறிவது மிகக் கடினம். அதன் எச்சத்தைச் சேகரித்து, டிஎன்ஏ மூலம் தனித்தனியாக அடையாளம் கண்டு இதே கணக்கைப் போடலாம், வயநாட்டில் போட்டிருக்கிறார்கள். புலிக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு சிறு பங்கையாவது இதற்குத் தர வேண்டும்.