காரில் குழந்தை: சட்டம் கேட்பது என்ன, எந்த இருக்கை வாங்குவது?

பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போது, குழந்தை பெரும்பாலும் பாட்டியின் மடியில்தான் வரும். எங்கள் மகளும் அப்படித்தான் வந்தாள்; முன் சீட்டில், ஏசி காற்று படாமல் துண்டு சுற்றி. அது சட்டப்படி தவறு என்பது அன்று காரில் இருந்த நாலு பேரில் ஒருவருக்கும் தெரியாது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தில் 194பி என்ற பிரிவு புதிதாகச் சேர்ந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. 14 வயது நிறையாத பிள்ளை வண்டியில் வந்தால், சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும் அல்லது குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம். ஓட்டுகிறவரோடு, அப்படி ஓட்டவிட்டவரும் இதில் மாட்டுவார். முன் சீட், பின் சீட் என்ற பேதமும் இந்தப் பிரிவில் கிடையாது.

இதில் "பெல்ட் அல்லது இருக்கை" என்று வருகிறதே, அங்கேதான் கவனம் வேண்டும். படித்தால் எந்த வயதுக்கும் ஏதாவது ஒன்று போதும் என்று தோன்றும். ஆனால் கார் பெல்ட் பெரியவர்களின் உடம்புக்கு அளவெடுத்தது. மூன்று வயதுப் பிள்ளைக்குப் போட்டால் மேல்பட்டை கழுத்தில் அறுக்கும், கீழ்ப்பட்டை இடுப்பெலும்பை விட்டு வயிற்றில் ஏறும். மோதலில் அந்தப் பட்டையே குடலைக் காயப்படுத்திவிடும். கைக்குழந்தைக்கோ பெல்ட் போடவே முடியாது. அதனால் அபராதத்தை மறந்துவிட்டு, பிள்ளையின் எடையையும் உயரத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் மோதி, பத்தில் ஒரு பங்கு நொடியில் நிற்கிறது என்று வையுங்கள். 10 கிலோ குழந்தை அந்த நேரத்தில் சுமார் 140 கிலோ கனத்தோடு முன்னால் இழுக்கும். 25 கிலோ அரிசி மூட்டை ஐந்துக்கும் மேல். எந்த அம்மாவின் கையும் அதைத் தாங்காது. தன் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துப் போடுவது இன்னும் மோசம். பெரியவரின் எடை முழுவதும் குழந்தையின் மேல்தான் இறங்கும்.

சரி, எந்த இருக்கை? நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் எடைப் பிரிவு போட்டே விற்கிறார்கள். பிறந்ததிலிருந்து 13 கிலோ வரை காரின் பின்பக்கம் பார்த்து உட்காரும் இருக்கை. 9 முதல் 18 கிலோ வரை முன்பக்கம் பார்த்தது. 15 முதல் 36 கிலோ வரை பூஸ்டர். இது பிள்ளையைச் சற்று உயர்த்தி, கார் பெல்ட்டைச் சரியான இடத்தில் விழ வைக்கும். முதல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த மாடலும் உண்டு.

முதல் இரண்டு பிரிவுக்கும் நடுவே 9 முதல் 13 கிலோ வரை பொதுவாக இருப்பதைப் பாருங்கள். பலர் அவசரப்படுவது இங்கேதான். ஒரு வயது ஆனதும், "பாவம், கால் மடங்குது, ரோட்டைப் பார்க்கட்டும்" என்று திருப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சின்னக் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை பெரிது, கழுத்து இன்னும் உறுதிப்படவில்லை. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் மோதலில் தலை முன்னே வீசப்பட்டு அந்த விசை முழுவதையும் கழுத்து வாங்கும். பின்பக்கம் பார்த்திருந்தால் முதுகு முழுவதும் அதைப் பகிர்ந்துகொள்ளும். கால் மடங்குவதில் ஒன்றும் ஆபத்தில்லை. ஐ-சைஸ் எனப்படும் புதிய ஐரோப்பிய விதி, குறைந்தது 15 மாதம் வரை திருப்பவே கூடாது என்கிறது. இருக்கையின் எடை வரம்பு தாங்கும் வரைக்கும் அப்படியே விடுவது இன்னும் நல்லது.

இன்னொன்று, முன் சீட்டில் ஏர்பேக் வேலை செய்யும் நிலையில் இருந்தால் பின்பக்கம் பார்த்த இருக்கையை அங்கே வைக்கவே கூடாது. ஏர்பேக் விரியும் வேகத்தில் இருக்கையின் முதுகில், குழந்தையின் தலைக்குப் பக்கத்திலேயே, அடி விழும். எந்த வயதுப் பிள்ளைக்கும் பின் சீட்தான் இடம்.

வாங்கும்போது இருக்கையில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். ஆர்44 அல்லது ஆர்129 என்று ஐரோப்பிய ஒப்புதல் எண்ணோ, ஏஐஎஸ்-072 என்ற நம் நாட்டுத் தர எண்ணோ இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாமல் மெத்தையும் வாரும் மட்டும் தைத்து மலிவாக விற்பதை வாங்காதீர்கள். விபத்தில் அடிபட்ட இருக்கை வேண்டாம். அதன் வரலாறு தெரியாத பழைய இருக்கையும் வேண்டாம். அமெரிக்காவிலிருந்து அண்ணன், அக்கா கொண்டுவந்து தரும் இருக்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. அங்குள்ள கார் பெல்ட்டை முழுவதும் இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொள்ளும். அந்த ஏற்பாட்டை நம்பியே பல இருக்கைகளைச் செய்கிறார்கள். இங்குள்ள பல கார்களில் அது இல்லை. அதனால் காசு கொடுப்பதற்கு முன் உங்கள் காரிலேயே பொருத்திப் பாருங்கள். பெல்ட்டின் நீளம் போதாமல் போவதும் உண்டு.

ஐசோஃபிக்ஸ், அதாவது குழந்தை இருக்கையைப் பெல்ட் இல்லாமல் நேரே மாட்டும் ஏற்பாடு, உள்ள கார் என்றால் வேலை எளிது. பின் சீட்டின் சாய்வுக்கும் அடிமெத்தைக்கும் நடுவே கைவிட்டால் இரண்டு இரும்புக் கம்பிகள் தட்டுப்படும். இருக்கை அதில் 'க்ளிக்' என்று மாட்டும். இருக்கையின் உச்சியைப் பின்னால் இழுத்துக் கட்டும் மேல் வாரையோ, கார் தரையில் ஊன்றும் தாங்குகாலையோ மாட்ட மறக்காதீர்கள்.

பொருத்திய பிறகு பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. குழந்தையின் தோள்வாரை விரலால் கிள்ளினால் மடிப்பு பிடிபடக் கூடாது. ஊட்டி, கொடைக்கானல் போகும்போது தடிமனான ஸ்வெட்டரோடு வார் போடாதீர்கள், உள்ளே தளர்ந்துதான் இருக்கும். வாரை இறுக்கிவிட்டு மேலே போர்த்துங்கள். நம் வெயிலில் நின்ற காரில் பக்கிளின் இரும்பு தோலைச் சுட்டுவிடும், தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

பூஸ்டரை எப்போது விடுவது? உயரம் ஏறத்தாழ 145 சென்டிமீட்டரைத் தொடும்போது. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தால் முழங்கால் சீட் விளிம்பில் மடிய வேண்டும், பட்டை தோளின் நடுவிலும் தொடையின் மேலும் படிய வேண்டும். பத்து வயதில்கூட பல பிள்ளைகள் அந்த உயரத்துக்கு வந்திருக்க மாட்டார்கள்.

கார் இல்லாத வீடுகளுக்கும் விதி இருக்கிறது. 2023 பிப்ரவரி 15 முதல், நாலு வயதுக்குட்பட்ட குழந்தையை பைக்கிலோ ஸ்கூட்டரிலோ ஏற்றினால், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வார் கட்டாயம். ஒன்பது மாதத்துக்கு மேல் அளவான ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த வார் 30 கிலோ வரை தாங்கும்படி செய்ததாக இருக்க வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது, கடையில் கேட்டு வாங்குங்கள்.