உப்புக்காற்று வார்ப்புக் கூரைக்குள் என்ன செய்கிறது?

குமரி மாவட்டத்தில், முட்டத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்து நிற்கிறது என் அத்தை வீடு. ஆனி மாதத்தில் ஒரு விடியற்காலை, சாப்பாட்டு அறைக் கூரையிலிருந்து தாம்பாளம் அளவுக்குக் கான்கிரீட் பெயர்ந்து மேசைமேல் விழுந்தது. ஒரு மணி நேரம் கழிந்திருந்தால் அந்த மேசையில் பிள்ளைகள் ஆப்பம் தின்றுகொண்டிருந்திருப்பார்கள். மறுநாள் நான் போனபோது அந்தத் துண்டை எறியாமல் முற்றத்தில் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன். ஒரு விரற்கடைப் பருமன். ஒரு பக்கம் வெள்ளைப் பெயிண்ட். மறுபக்கம் கம்பி கிடந்த பள்ளம். அதன் நெடுக ஏடு ஏடாக உரியும் செம்பழுப்புத் துரு. நகத்தால் கீறினால் பொரிந்த அப்பளம் போல உதிர்ந்தது.

“மழைத் தண்ணீர் இறங்கித்தான் விழுந்திருக்கும்” என்றார் அத்தை. மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தோம். விரிசல் இல்லை, தண்ணீர் தேங்கவில்லை, கூரையின் அடிப்பக்கத்தில் ஓதம் ஏறிய தடமும் இல்லை. அந்தக் கூரை ஒழுகியதே இல்லை. அப்படியானால் கம்பிக்குத் துரு எங்கிருந்து வந்தது?

பொதுவாக, கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பி துருப்பிடிக்காது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது ஏராளமான கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அது கடுமையான காரம். கான்கிரீட்டின் நுண்துளைகளில் இருக்கும் ஈரத்தின் காரகாடித்தன்மை எண் (pH) 12.5-க்கும் மேலே இருக்கும். அந்தக் காரத்தில் இரும்பின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் படிகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மெல்லிய படலம்தான் கம்பியின் கவசம். ஈரமும் காற்றும் உள்ளே இருந்தாலும், படலம் இருக்கும்வரை துரு ஏறுவது இல்லை என்று சொல்லும் அளவுக்கு மெதுவாகவே நடக்கும்.

அந்தக் கவசத்தை உடைப்பவை இரண்டு. ஒன்று எல்லா ஊரிலும் உண்டு: காற்றிலுள்ள கரியமில வாயு. அது நுண்துளைகள் வழியாக மெல்ல உள்ளே போய், கால்சியம் ஹைட்ராக்சைடைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. காரம் குறைகிறது, எண் 9-க்குக் கீழே போனால் படலம் நிலைக்காது. இந்த மாற்றம் கூரைக்குள் ஏறும் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஆழம், காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு வீட்டில் 5 ஆண்டில் 10 மில்லிமீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மில்லிமீட்டர் ஏற 10 ஆண்டு போதாது. 20 ஆண்டு ஆகும். கம்பிக்கு அடியில் இருக்கும் கான்கிரீட் பாதியாகக் குறைந்தால், அதன் ஆயுள் கால் பங்காகிவிடும் என்பதே இதன் பொருள். வார்ப்பு நாளில் கம்பியைப் பலகையிலிருந்து உயர்த்தி நிறுத்தும் சிறு கட்டியான கவர் பிளாக்கைக் கம்பிக்கு அடியில் வைக்காமல், பலகையோடு ஒட்டிக் கம்பியைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இந்தக் கணக்கை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது நம் மாவட்டத்தைப் போன்ற கடற்கரைகளுக்கு உரியது: உப்பு. கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரை கரை தென்மேற்கைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கடலிலிருந்து காற்று நேராக வீட்டுக்குள் வருகிறது. அலை உடையும் இடத்தில் கிளம்பும் நுண்துளிகளைச் சுமந்து வருகிறது. சன்னல் கண்ணாடியைத் துணியால் துடைத்து அந்தத் துணியை நாக்கில் வைத்தால் கரிக்கும். அதே உப்புதான் சன்ஷேடின் அடியிலும், கூரையின் அடியிலும், தூணின் கடல் பார்த்த முகத்திலும் படிகிறது. ஈரம் பட்டதும் கரைந்து உள்ளே இறங்குகிறது.

உப்பிலிருக்கும் குளோரைடு, காரத்தைக் குறைக்காமலேயே படலத்தைத் துளைக்கும். கம்பி முழுவதையும் ஒரே சீராகத் தாக்காமல், ஊசிமுனை அளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குழி பறிக்கும். இந்தக் குளோரைடு அந்த வேலையில் செலவாகிப் போவதுமில்லை. இரும்போடு சேர்ந்து, பிரிந்து, மறுபடியும் அடுத்த இரும்பு அணுவைத் தாக்க விடுதலையாகிறது. உள்ளே போன உப்பு உள்ளேயே இருந்து வேலையைத் தொடர்கிறது. ஆகவேதான் துரு ஏறத் தொடங்கிய பிறகு மேலே பெயிண்ட் அடிப்பது எதையும் நிறுத்துவதில்லை.

குழி விழுந்த இடம் ஒரு மின்கலத்தின் ஒரு முனையாகிறது. அங்கே இரும்பு கரைந்து எலக்ட்ரான்களை விடுகிறது. அவை கம்பி வழியாகவே ஓடி, படலம் உடையாத வேறோர் இடத்தில் ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் சேர்கின்றன. டார்ச் லைட் பேட்டரிக்குள் நடப்பதைப் போன்ற ஒன்று, ஒரே கம்பியின் இரண்டு இடங்களுக்கு இடையே சத்தமின்றி ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. இதற்கு ஈரமும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். முழுக்கத் தண்ணீரில் மூழ்கிய கான்கிரீட்டுக்குள் ஆக்சிஜன் எளிதில் போகாது. காய்ந்த கான்கிரீட்டில் மின்னோட்டத்துக்கு வழி இல்லை. நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி இருப்பதுதான் மிக மோசம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கிக்கொண்டு, இடையில் நல்ல வெயிலும் காயும் குமரி மாவட்டத்தில் இதற்குக் குறைவே இல்லை.

கரைந்த இரும்பு துருவாகும்போது, பழைய இரும்பைப் போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கிறது. சுற்றிலும் இறுகிய கான்கிரீட். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்குவதில் வல்லது. இழுவையைத் தாங்குவதில் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். துரு உள்ளிருந்து தள்ளுவது இழுவையாகத்தான் விழுகிறது. முதலில் கம்பியின் போக்கிலேயே முடியளவு விரிசல் ஓடும். பிறகு கம்பிகளுக்கு இடையேயான கான்கிரீட் ஓர் அடுக்காக விலகும். அப்போதும் கீழேயிருந்து பார்த்தால் பெயிண்ட் வெள்ளையாகவே இருக்கலாம். அத்தை வீட்டில் அப்படித்தான் இருந்தது.

கண்ணுக்குத் தெரியாததைக் காது கண்டுபிடிக்கும். நம் ஊரில் சக்கை, அதாவது பலா, பழுத்துவிட்டதா என்று தட்டித்தான் பார்ப்போம்; காயில் கல்லைத் தட்டினாற்போல் சத்தம், பழத்தில் பொதபொதவென்று சத்தம். கூரைக்கும் இதே முறைதான். உறுதியான கம்பு ஒன்றால் கூரையை அரை அடிக்கு ஓர் இடமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல கான்கிரீட் ‘டங்’ என்று அழுத்தமாகப் பதில் சொல்லும். அடுக்கு விலகிய இடம் ‘டொப்’ என்று வெற்றுச் சத்தம் தரும். அதற்கு நேர் கீழே நிற்கக் கூடாது. தள்ளி நின்று, தலைக்கவசம் போட்டுக்கொண்டு, சுவரோரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு வர வேண்டும். அத்தை வீட்டில் விழுந்த இடத்தைச் சுற்றித் தட்டியபோது, நன்றாக இருப்பதாக நினைத்த ஒரு கட்டில் அகலம் முழுவதும் வெற்றுச் சத்தம் கேட்டது. அன்றே மேசையை வேறு அறைக்கு மாற்றினோம்.

தட்டுவதற்கு முன் விரிசலைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. சிலந்தி வலை போல எல்லாப் பக்கமும் ஓடும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் பூச்சு காய்ந்ததால் வருபவை. நேர்கோடாக, ஏறக்குறைய அரை அடி இடைவெளியில், ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் விரிசல்கள் கம்பியின் இருப்பிடத்தைக் காட்டுகின்றன. அந்தக் கோட்டில் பழுப்புக் கறை கசிந்தால் சந்தேகமே வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியவை கடல் பார்த்த சன்ஷேடுகள், குளியலறைக்கு அடியிலுள்ள கூரை, தண்ணீர்த் தொட்டி நிற்கும் இடம், இலை அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாயின் சுற்றுப்புறம்.

மின்விசிறி தொங்கும் கொக்கியைப் பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை. அதுவும் கூரைக்குள் புதைந்த இரும்புதான். மெயினை அணைத்துவிட்டு, மேலே உள்ள கிண்ண மூடியை இறக்கி, கொக்கியும் போல்ட்டும் மெலிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஓதம் ஏறிய கூரையில் வயர் குழாய் ஓடுகிற வீட்டில், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்பதையும் அதன் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொள்வது அவசியம்.

அத்தை வீட்டுக்கு வந்த கொத்தனார் ஒரு செய்தி சொன்னார். “மூன்று வருஷத்துக்கு முன்னால் இதற்குப் பக்கத்தில் நான்தான் வெட்டிப் பூசினேன் அம்மா. பூசின இடம் அப்படியே நிற்கிறது. ஒரு முழம் தள்ளித்தான் விழுந்திருக்கிறது.” அவர் தன் வேலைக்குச் சாட்சி சொல்ல வந்தார், அவர் சொன்னதில் வேதியியல் இருந்தது. முன்பு துருவேறிய இடம் தான் கரைந்துகொண்டே, பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அங்கே புதிய சிமெண்ட் வந்ததும் அந்த இடம் காரத்தில் பத்திரமானது. பக்கத்தில் பழைய உப்புக் கான்கிரீட்டுக்குள் கிடந்த கம்பிக்கோ இருந்த காவல் போய்விட்டது. அடுத்த குழி அங்கே விழுந்தது.

இதற்கு வழி நம் கடற்கரையிலேயே இருக்கிறது. ஆழ்கடலுக்குப் போகும் எஃகுப் படகுகளின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். துத்தநாகம் இரும்பை முந்திக்கொண்டு கரைந்து, படகைக் காக்கும். கட்டி தீர்ந்ததும் மாற்றுவார்கள். அதே தத்துவத்தில் கூரைப் பழுதுக்கென்று சிறிய துத்தநாக வில்லைகள் கிடைக்கின்றன. வெட்டிய இடத்தின் ஓரத்தில் கம்பியோடு கட்டிப் புதைத்தால் பக்கத்துக் கம்பிக்குக் காவல் கிடைக்கும். ஆனால் அதற்கு முன் அடிப்படை வேலை சரியாக நடக்க வேண்டும். கூரைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். வெற்றுச் சத்தம் கேட்ட இடம் முழுவதையும் வெட்டி, கம்பியின் பின்புறத்திலும் விரல் நுழைய இடம் விட்டு, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை துருவைத் தேய்க்க வேண்டும். பிறகுதான் துருத்தடுப்புப் பூச்சும் பாலிமர் கலந்த சிமெண்டும். கம்பி கண்ணால் பார்த்தே மெலிந்திருந்தால், அது கொத்தனாரோடு முடியும் வேலை அல்ல. கட்டடப் பொறியாளர் வந்து புதுக் கம்பி எத்தனை வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே அச்சம் தருவது, கடற்கரையில் பழைய வார்ப்பு வீடுகளுக்கு ஃபால்ஸ் சீலிங் அடிக்கும் பழக்கம். கறை தெரியாது, விரிசல் தெரியாது, தட்டவும் முடியாது. விழும்போது அந்தத் தட்டி தாங்காது.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு ஒரு கணக்கு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி. கடல் நீரில் இருப்பது ஏறக்குறைய 19,000 மில்லிகிராம். கரிக்கும் கிணற்றுத் தண்ணீரில் கலப்பதும், கழுவாத கடல் மணலைச் சேர்ப்பதும் உப்பைக் காற்று கொண்டுவரும்வரை காத்திராமல் நாமே உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். அதே விதி, சாதாரணச் சூழலில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் போதும் என்கிறது. கடற்கரைச் சூழலுக்கு 45, கடல் தூவானம் நேராகப் படும் இடத்துக்கு 50.

1 ஜனவரி 2000 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை கல்லால் ஆனது. அதற்கும் உப்பு விடுதலை தரவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டி, நல்ல தண்ணீரால் கழுவி, காகிதக் கூழை அப்புகிறார்கள். கூழ் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பை உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகே பாதுகாப்பு ரசாயனம். உள்ளே இருக்கும் உப்பை முதலில் எடு, பிறகு பூசு என்ற அந்த வரிசையைத்தான் அத்தை வீட்டிலும் கொத்தனாரைப் பின்பற்றச் சொன்னோம்.

வேலை முடிந்த பிறகு, மற்ற அறைகளில் தெரிந்த மூன்று மெல்லிய விரிசல்களின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினோம். ஐப்பசி மழை முடிந்ததும் அத்தை போனில் கூப்பிட்டார். “இரண்டு விரிசல் போட்ட கோட்டுக்குள்ளேயே நிற்கிறது. சமையலறையில் இருப்பது மட்டும் கோட்டைத் தாண்டி ஓர் அங்குலம் போயிருக்கிறது. கொத்தனாரைத் திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.”