கிலோமீட்டர் ஓடாத கார் கெடாது என்று யார் சொன்னது?

சென்ற மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள என் பட்டறை வாசலில், இழுவை லாரியிலிருந்து ஒரு சிவப்பு நிற ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஸ்போர்ட்ஸ் கார் இறக்கப்பட்டது. 1991ஆம் ஆண்டுக் கார். உரிமையாளர் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளை வைத்துத் தொழில் செய்பவர். தோட்டத்து லயத்தில் பிறந்து, சொந்த உழைப்பில் மேலே வந்து, இளமையில் ஆசைப்பட்ட காரை ஐம்பது வயதுக்கு மேல் வாங்கியவர். அந்த ஆசையின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் லாரியிலிருந்து கார் முழுவதும் இறங்குவதற்கு முன்பே அவர் சொன்ன முதல் வாக்கியம் என் பொறுமையைச் சோதித்துவிட்டது. "தம்பி, இது அறுபத்தோராயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. புது வண்டி மாதிரி. கோளாறு சின்னதாத்தான் இருக்கும்."

இதே வாக்கியத்தை இந்த ஆண்டில் நான்காவது முறையாகக் கேட்கிறேன். முந்தைய மூவரில் ஒருவர் டொயோட்டா எம்ஆர்2 வைத்திருந்தார், ஒருவர் செலிக்கா, ஒருவர் இன்டெக்ரா. நான்கு பேருமே தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் நண்பர் வீட்டுத் திருமணத்துக்கும் மட்டும் காரை வெளியே எடுப்பவர்கள். மற்ற நாள்களில் கார் துத்தநாகத் தகடு வேய்ந்த கொட்டகையில், மெல்லிய துணி போர்த்தி, பளபளவென்று நின்றிருக்கும்.

நடந்தது இதுதான். ஈப்போவிலிருந்து திரும்பும்போது மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில், எஞ்சினுக்குப் பின்புறம், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் ஓடும் ரப்பர்க் குழாய் (ஹோஸ்) ஒன்று வெடித்தது. வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. சிறிது நேரத்தில் தானாகவே கீழே இறங்கியது. முள் இறங்கியதால் எஞ்சின் குளிர்ந்துவிட்டது என்று எண்ணிய அவர், நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பதைவிடக் குவாலா கங்சார் சாவடி வரை போய்விடலாம் என்று ஓட்டியிருக்கிறார். எஞ்சின் குளிரவில்லை. கூலண்ட் முழுவதும் வெளியேறியதால் வெப்பம் அளக்கும் உணரி திரவத்தில் இல்லாமல் வெறும் காற்றில் தொங்கியது. காற்றில் தொங்கும் உணரி உண்மையைச் சொல்லாது. முள் ஏறி, பிறகு காரணமில்லாமல் இறங்கினால் அதுதான் மிக மோசமான அறிகுறி. அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்திருந்தால் ஒரு ஹோஸின் விலையோடு முடிந்திருக்கும். இப்போது எஞ்சினின் மேல்மூடிகளான இரண்டு சிலிண்டர் ஹெட்டுகளையும் கழற்றியாகிவிட்டது. சமதள அளவுகோலை வைத்துப் பார்த்ததில் ஒன்றின் அடிப்பரப்பில் 0.15 மில்லிமீட்டர் அளவுத் தகடு தடையின்றி நுழைந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த எண் போதும்: ஹெட் வெப்பத்தில் வளைந்துவிட்டது.

ஹெட்டுகளைக் கழற்றும்போது, வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தவறாமல் இயக்கும் ரப்பர்ப் பட்டையான டைமிங் பெல்ட்டையும் வெளியே எடுத்தேன். அதை மேசையின் மேல் வைத்துப் பின்பக்கமாக வளைத்தவுடன், பல் வரிசைக்கு இடையில் மயிரிழை போன்ற பிளவுகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. பெல்ட்டின் முதுகு கண்ணாடி போல மினுமினுத்தது. நகத்தால் அழுத்தினால் தடம் பதியவே இல்லை. அவரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "புதுசு மாதிரி பளபளன்னுதானே இருக்கு?" என்றார்.

என்னை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான். கேட்டவர் பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அம்மாவும் என்னுடைய அப்பாவும் விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போனவர்கள். மங்கில் வடிந்த பால் உறைந்து, தகடாகி, புகைவீட்டில் தொங்கிப் பழுப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு ரப்பரின் குணத்தை யாராவது சொல்லித்தர வேண்டுமா? வெயிலில் மறந்துவிட்ட ரப்பர்த் தகடு என்ன ஆகும்? முதலில் பிசுபிசுக்கும், பிறகு இறுகும், கடைசியில் வளைத்தால் வெடிக்கும். அதை யாரும் ஓட்டவில்லை, மிதிக்கவில்லை; சும்மா கிடந்தது. சும்மா கிடந்தே கெட்டது. டைமிங் பெல்ட்டில் இருப்பது செயற்கை ரப்பர் என்பதும், உள்ளே நார் இழைகள் பின்னியிருக்கின்றன என்பதும் உண்மைதான். அதனால் அது மெதுவாக மூப்படைகிறது, அவ்வளவே. வெப்பமும் பிராணவாயுவும் ஓசோனும் ஓடோமீட்டரைப் பார்த்து வேலை செய்வதில்லை. எனவேதான் காரைச் செய்தவர்கள் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர்க் கணக்கு ஒன்றும் ஆண்டுக் கணக்கு ஒன்றும் கொடுத்து, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று என்று கையேட்டில் எழுதி வைத்தார்கள். நம் ஆள்கள் முதல் கணக்கை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

இன்னும் சொல்லப்போனால், நிற்கும் காரில் சில பாகங்கள் ஓடும் காரைவிட விரைவாகக் கெடுகின்றன. எண்ணெய் படாமல் உலரும் சீல் சுருங்குகிறது. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் மடங்கி நிற்கும் பெல்ட் அந்த மடிப்பிலேயே பிளக்கிறது. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது. டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். நம் ஊர் மழையையும் புழுக்கத்தையும் நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆக, 'ஓடாத கார்' என்று பெருமைப்படும்போது, பராமரிக்கப்படாத கார் என்றுதான் என் காதில் விழுகிறது.

அடுத்த வாதமும் எனக்கு மனப்பாடம். "என்எஸ்எக்ஸ் என்றால் ஒன்றும் ஆகாது, ஹோண்டாதானே, சிவிக் மாதிரி ஓடும்." இந்தப் பேச்சில் பாதி உண்மை இருப்பதால்தான் இது ஆபத்தானது. இத்தாலிய சூப்பர் கார்களை வாங்கியவர்கள் பட்டறையிலேயே பாதி வாழ்நாளைக் கழித்த காலத்தில், காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும், சாலை நெரிசலில் கொதிக்காத ஒரு காரை 1990இல் ஹோண்டா விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்து ஃபெராரி 348இல் டைமிங் பெல்ட் மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். என்எஸ்எக்ஸில் எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்க, சலித்துக்கொண்டாவது மாற்றிவிடலாம். ஆனால் அந்த நம்பகத்தன்மை வானத்திலிருந்து விழவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர் அதைச் சிவிக் போல நடத்தமாட்டார்.

உலகில் முழுவதும் அலுமினியத்தால் ஆன உடற்கூட்டோடு தொகுதி உற்பத்திக்கு வந்த முதல் கார் இதுதான். எஃகில் செய்திருந்தால் இருக்கக்கூடிய எடையைவிட ஏறக்குறைய 200 கிலோகிராம் குறைந்தது. அலுமினியத்தைப் பற்றவைப்பது எங்கள் ஊர்க் கதவு, கிரில் பற்றவைப்பது போன்றதன்று. உலோகம் 660 டிகிரியில் உருகிவிடும்; அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். படலத்தை நீக்காமல் சூடேற்றினால் உள்ளே உலோகம் ஒழுகிவிடும், மேலே தோல் மட்டும் நிற்கும். இந்தக் காருக்காகவே தோச்சிகி மாநிலத்தில் தனியாக ஓர் ஆலை அமைத்து, அனுபவம் முதிர்ந்த சுமார் 200 பேரைத் தேர்ந்தெடுத்து, பெரும்பகுதி கைவேலையாகவே இதைச் செய்தார்கள். எனவே விபத்தில் நசுங்கிய என்எஸ்எக்ஸைச் சந்தில் உள்ள தகரப் பட்டறையில் கொடுத்து, எஃகு தேய்த்த அதே சாணைக்கல்லால் தேய்த்து, பட்டி பூசிக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது. அலுமினியத்தில் பதிந்த எஃகுத் துகள் அரிப்பைத் தொடங்கிவைக்கும். பட்டிக்கு அடியில் நடப்பதால் இரண்டு ஆண்டு கழித்தே தெரியும்.

எஞ்சினுக்கு வருவோம். 2,977 கன சென்டிமீட்டர், ஆறு சிலிண்டர், இருக்கைக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கிறது. கையால் கியர் மாற்றும் காரில் சிவப்புக் கோடு, அதாவது எஞ்சின் தாண்டக்கூடாத வேகம், நிமிடத்துக்கு 8,000 சுழற்சி. 6,000இல் சுழலும் எஞ்சினோடு ஒப்பிட்டால், பிஸ்டனையும் அதைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடையும் இழுத்துப் பிய்க்கப் பார்க்கும் விசை 8,000இல் முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது, ஏனெனில் விசை வேகத்தின் இருபடியாக ஏறும். இதைத் தாங்கத்தான் சாலைக் கார்களில் முதன்முறையாக டைட்டானியம் கனெக்டிங் ராடுகளைப் போட்டார்கள். எடை குறைந்தது. ஆனால் டைட்டானியத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, வேறு உலோகத்தோடு உரசினால் பிய்ந்து அதோடு ஒட்டிக்கொள்ளும். அதற்காக உரசும் பக்கங்களில் குரோமியம் நைட்ரைடு பூச்சு கொடுத்தார்கள். நான் முதன்முதலில் கோலாலம்பூரில் வேலை கற்றுக்கொண்ட பட்டறையில் முதலாளி ஒரு ராடை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்க்கச் சொன்னார். இருபது ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த இலேசு கையில் நிற்கிறது.

8,000 சுழற்சியில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு அறுபத்தாறு முறை திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலே வருவதற்குள் வால்வு விலகியிருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒழுங்கைக் காப்பது அந்த ஒற்றைப் பெல்ட். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். வாட்டர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். இவ்வளவு நுட்பமும் ஒரு ரப்பர்ப் பட்டையின் வயதை நம்பி ஓடுகிறது என்று சொன்னால் பலர் முகத்தில் நம்பிக்கையின்மை தெரிகிறது.

1989இல் ஜப்பானின் சுசுகா ஓடுதளத்தில் ஃபார்முலா 1 பந்தய வீரர் அயர்ட்டன் சென்னா இந்தக் காரின் முன்மாதிரியை ஓட்டிய கதையைச் சொல்லாத உரிமையாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சென்னா பாராட்டிவிட்டுப் போனார் என்றே எல்லாரும் முடிக்கிறார்கள். உடற்கூடு இன்னும் விறைப்பாக இருக்க வேண்டும் என்று அவர் குறை சொன்னதையும், பொறியாளர் ஷிகெரு உயெஹாராவின் குழு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தளத்துக்குக் காரைக் கொண்டுபோய், மாதக்கணக்கில் ஓட்டி, இடம் பார்த்து வலுவூட்டியதையும் விட்டுவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பகுதிதான். அத்தனையும் செய்தும், ஆரம்ப கால ஐந்து கியர்ப் பெட்டிகள் சிலவற்றில் ஒரு சிறிய வளையம் உடையும் குறை இருந்தது தொழில் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும்; வாங்குமுன் கியர்ப்பெட்டி எண்ணைப் பாருங்கள்.

இனி, செய்ய வேண்டியவை. கார் உங்கள் கைக்கு வந்தபோது பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு உடனே மாற்றுங்கள். வாட்டர் பம்பையும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் அப்போதே மாற்றுங்கள், தனித்தனியாகக் கூலி கொடுத்து என்னைப் பணக்காரனாக்க வேண்டாம். ஹோஸ்களில் ஒன்று வெடித்தால் மற்றவையும் அதே வயதுதான், எல்லாவற்றையும் மாற்றுங்கள். ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால் என்பதால் கூலண்ட் நீண்ட தூரம் போய் வருகிறது. சாதாரணக் காரில் ஊற்றுவதைப் போல இரு மடங்குக்கு மேல் பிடிக்கும். பல இடங்களில் காற்று நீக்கும் திருகுகள் உண்டு. ஒன்றை விட்டாலும் உள்ளே காற்று தங்கி, அடுத்த மேட்டில் என்னைத் தேட வைக்கும். குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஐயா, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அலுமினியத்தை அது உள்ளிருந்து தின்றுவிடும்.

பெட்ரோல், ஆக்டேன் எண் 97 உள்ள ரோன் 97.

டயரின் பக்கச் சுவரில் நான்கு எண்கள் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. டயரின் பள்ளம் தேயாமல் அப்படியே இருக்கிறது என்று காட்டாதீர்கள், எண்ணைப் படியுங்கள். பிரேக் திரவத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது காரை வெளியே எடுத்து, எண்ணெய் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள். கொட்டகைக்குள்ளேயே ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பது புகைபோக்கிக் குழாயில் தண்ணீர் சேர்க்கும், வேறு பயன் இல்லை. எஞ்சின் சூடாகுமுன் சிவப்புக் கோட்டைத் தொட்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சத்தம் காட்டுகிறவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று. பெல்ட் மாற்றி முடித்ததும் அதன் மூடியில் மாதம், ஆண்டு, கிலோமீட்டர் மூன்றையும் எழுதி ஒரு சிறிய தாளை ஒட்டிவிடுவது என் வழக்கம். பத்து ஆண்டு கழித்து எந்த ஊர்ப் பட்டறையில் யார் திறந்தாலும் படித்துக்கொள்ளலாம். கார்க் கண்காட்சியில் எஞ்சினைத் திறந்து காட்டும்போது அழகைக் கெடுக்கிறது என்று சென்ற ஆண்டு எம்ஆர்2 தம்பி அதைக் கிழித்துவிட்டார். இப்போது அவருக்கும் எந்த ஆண்டில் மாற்றினோம் என்று நினைவில்லை. என் நோட்டில் இருக்கிறது, தம்பி; வந்து கேட்டுக்கொண்டு புதுத் தாளையும் ஒட்டிக்கொண்டு போங்கள்.