திருவிழாக் கூட்டத்தில் தனி வரிசை: கேட்டு வாங்குவது எப்படி?

கொடியேற்றம், தேர், தீர்த்தம், அரச விழா என்று சனம் திரளும் நாட்களில் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வெயிலில் காய்கிறார்கள். கேட்டால், "எல்லாருக்கும் ஒரே வரிசைதான்" என்பார்கள். அதே நேரம் பக்கத்து வாசலால் பிரமுகர்கள் போய்க்கொண்டிருப்பார்கள். இதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கானது. பொதுமக்கள் போகக்கூடிய எந்த இடத்துக்கும் ஒருவரை அவருடைய இயலாமையைக் காரணம் காட்டித் தடுக்கவோ நிபந்தனை போடவோ கூடாது என்று அதன் 23 ஆம் பிரிவு சொல்கிறது. பொது இடங்களில் அணுகு வசதி செய்ய வேண்டும் என்று 2006 இல் ஒழுங்குவிதிகளும் வந்தன. ஆனால் விழா அன்று கயிறு எங்கே கட்டுவது, யாரை எந்த வாசலால் விடுவது என்பதை விழாவை நடத்துபவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அவர்கள் முடிவெடுக்கும் முன்பே போய்க் கேட்க வேண்டும். அன்று காலையில் வாசலில் நின்று வாதாடினால் களைப்புத்தான் மிச்சம்.

முதலில், அட்டையை நம்பி ஏமாறாதீர்கள். 60 வயது கடந்தவர்கள் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம். ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் முன்னுரிமை கேட்க அது உதவும். ஆனால் கூட்டத்தில் கயிறு பிடித்து நிற்கும் தொண்டருக்கு அப்படி ஒரு அட்டை இருப்பதே தெரிந்திருக்காது. மறுபக்கம், அட்டை எடுக்காத 75 வயது அம்மாவிடம் "அட்டை இருந்தால்தான்" என்று பிடிவாதம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். வயதைக் காட்டத் தேசிய அடையாள அட்டையே போதும் என்று தயங்காமல் சொல்லுங்கள். விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அட்டை எடுக்க ஓடாதீர்கள். உத்தியோகத்தர் களப்பணிக்குப் போயிருப்பார், அல்லது படிவம் முடிந்திருக்கும்.

அடுத்த பொறி, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் மாதக் கொடுப்பனவின் பட்டியல். இயலாமையை உறுதிப்படுத்தும் கடிதம் கேட்டுப் போனால், "உங்கள் பெயர் பதிவில் இல்லையே, எப்படிக் கடிதம் தருவது?" என்று திருப்பி அனுப்புவார்கள். கொடுப்பனவு வருமானத்தையும் பார்த்துக் கொடுக்கப்படுவது. அது கிடைக்காத ஒருவருக்கு நடக்க முடியும் என்று ஆகிவிடாது. உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே செய்துகொள்ள முடியாதவர் என்பதே மாற்றுத்திறனாளிக்கு அந்த 1996 ஆம் ஆண்டுச் சட்டம் தரும் வரைவிலக்கணம். "பகுதியாகவோ" என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அதில் அட்டை பற்றியோ கொடுப்பனவு பற்றியோ பேச்சே இல்லை.

வெளியில் தெரியாத நோய் உள்ளவர்கள்தான் அதிகம் அவமானப்படுகிறார்கள். இதய நோயாளி, டயலிசிஸ் செய்பவர், சீனி வியாதியால் காலில் புண் உள்ளவர் எல்லோரும் பார்வைக்கு நன்றாகத்தான் இருப்பார்கள். "உங்களுக்கு என்ன, நல்லாத்தானே நிற்கிறீங்கள்" என்று பலர் முன்னால் கேட்டுவிடுவார்கள். கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தையும் கடைசியாக டொக்டர் எழுதிய பக்கத்தையும் போட்டோப்பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கொப்பியை நெரிசலுக்குள் கொண்டுபோக வேண்டாம், தொலைந்தால் அடுத்த கிளினிக்குக்குத் திண்டாட்டம்.

செருப்பு விஷயம் தனி. போலியோவால் கால் சூம்பிய ஒருவரை ஒரு கோவில் வாசலில் பார்த்தேன். அவருடைய காலைத் தாங்கும் கலிப்பர் கம்பி சப்பாத்தோடு சேர்த்தே பொருத்தப்பட்டிருந்தது. சப்பாத்தைக் கழற்றினால் கம்பியும் கழன்றுவிடும், அடி எடுத்து வைக்க முடியாது. தொண்டர் விடவில்லை. மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வீதியில் நின்றே கும்பிட்டுவிட்டுப் போனார். சக்கர நாற்காலிக்கும் இதே கதைதான்: "ரோட்டில் உருண்ட சில்லு" என்பார்கள். சில்லைத் துடைக்க ஈரத்துணி கொண்டுபோங்கள். உள்ளே எதுவரை விடுவார்கள் என்பதை நிர்வாகத்திடம் முன்பே கேட்டு வையுங்கள். செயற்கைக் கால் போட்டவர்கள் சோதனைச் சாவடியில் கருவி சத்தம் போடும் முன்பே சொல்லிவிடுங்கள், மறைவான இடத்தில் சோதிக்கும்படி கேளுங்கள்.

இனி அலைக்கழிப்புக்கு வருவோம். திருகோணமலையில் உள்ள திருக்கோணேஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோவில் பிரெட்ரிக் கோட்டைக்கு உள்ளே, சுவாமி மலை உச்சியில் இருக்கிறது. கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, வீதிப் போக்குவரத்து பொலிஸாரின் கையில், சந்நிதி கோவில் நிர்வாகத்தின் கையில். இப்படி அதிகாரம் பிரிந்திருக்கும் எந்த விழாவிலும் "அது எங்கள் பொறுப்பில்லை, அங்கே கேளுங்கள்" என்ற பதில் உங்களைச் சுற்றச் சுற்ற விடும். தனி வரிசை சந்நிதி வாசலில் தொடங்கினால் என்ன பயன்? ஏற்றம் ஏறி முடித்தவருக்கு மூச்சு ஏற்கனவே போயிருக்கும். கீழ்வாசலிலிருந்தே கேளுங்கள்: வாகனம் மேலே எதுவரை வரலாம், யார் விடுவார், திரும்பி வர எத்தனை மணிக்கு வழி திறக்கும்?

பெரிய திருவிழாக்களுக்கு முன்னால் கச்சேரியிலோ (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்திலோ முன்னேற்பாட்டுக் கூட்டம் நடப்பது வழக்கம். பொலிஸ், சுகாதாரப் பகுதி, உள்ளூராட்சி சபை, கோவில் நிர்வாகம் எல்லாம் ஒரே மேசையில் இருக்கும் நேரம் அது. உங்கள் கடிதம் அதற்கு முன் போய்ச் சேர வேண்டும். நிர்வாக சபைக்கு எழுதி, பிரதேச செயலாளருக்கும் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் பிரதி கொடுங்கள். உங்கள் கைப்பிரதியில் திகதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். "வாய்மொழியாகச் சொல்லிவிட்டோம்" என்பது விழா அன்று எவருக்கும் நினைவிருக்காது. கடிதத்தில் நீளமாக எதுவும் வேண்டாம். வாகனம் எங்கே நிறுத்துவது, நிழலில் கதிரை, கிட்டடியில் மலசலகூடம், பொறுப்பான ஒருவரின் தொலைபேசி இலக்கம், கூடவே "உதவியாளர் ஒருவருடன்" என்ற இரண்டு சொற்கள். கடைசியில் சொன்னது இல்லாவிட்டால் தாயை உள்ளே விட்டு மகளை வெளியே நிறுத்திவிடுவார்கள்.

தனி வரிசையும் நிரம்பும். 2022 செப்டம்பரில் லண்டனில் எலிசபெத் மகாராணியின் உடலுக்கு அஞ்சலி செலுத்த வந்த மாற்றுத்திறனாளிகளுக்கு வேறாக ஒரு வரிசை வைத்தார்கள், நேரம் குறித்துக் கொடுத்து வரச் சொன்னார்கள். நல்ல ஏற்பாடு. அப்படியிருந்தும் இடம் முடிந்து, பொது வரிசைக்கு முன்பே அதை மூடிவிட்டார்கள். ஆகவே இங்கேயும் நேரம் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் தேர் நாளை விட்டு வேறொரு திருவிழா நாளில், காலைப் பூசைக்குப் போங்கள்.

மறுத்தால், மறுத்தவரின் பதவி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் அங்கேயே போனில் குறித்துக்கொள்ளுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள், முத்திரை குத்திய அந்தப் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் என்ன முடிவெடுத்தார்கள் என்பதைப் பிரதேச செயலகத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். கூட்டத்தில் யாராவது மயங்கி விழுந்தால் எவருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.