கருச்சிதைவு: வார்டுக்குள் ஒருவர், வெளியே ஒருவர்

பினாங்கில் பெண்கள் வார்டுகளில் ஆலோசகராகப் பணியாற்றும் நான், கருச்சிதைவுக்கு ஆளான கணவனையும் மனைவியையும் ஒன்றாகப் பார்ப்பது அபூர்வம். மனைவி உள்ளே கட்டிலில் இருப்பார். கணவர் முன்பணம் கட்டும் கவுண்டரில், மருந்தகத்தின் எண் பலகைக்குக் கீழே, அல்லது வார்டுக் கதவுக்கு வெளியே உள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பார். பார்வையாளர் நேரம் மதியம் கொஞ்சம், மாலை கொஞ்சம். நடக்க வேண்டியதெல்லாம் அந்த இரண்டுக்கும் இடையில் நடந்து முடிந்துவிடுகிறது.

அந்த இடைவெளியில் மனைவிக்கு என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். ஸ்கேன் அறையின் இருட்டில் டாக்டரின் பேச்சு திடீரென்று நின்றுவிடுகிறது. உறுதி செய்ய இன்னொரு டாக்டர் வருகிறார். "இதயத் துடிப்பு இல்லை" என்கிறார்கள். பிறகு படிவங்கள், மாத்திரை, வலி, ரத்தம். வார்டுக் கழிவறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது ஏதோ நழுவி விழுகிறது. அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அதே நேரத்தில் கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டுப் புறப்பட்டிருப்பார். வந்ததும் அவருக்கு வேலைகள் காத்திருக்கின்றன. அடையாள அட்டை நகல், பணம், கைலி, நாப்கின், மைலோ. அம்மாவுக்கு, மாமியாருக்கு, மேற்பார்வையாளருக்கு ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். எல்லோரும் அவரிடம் கேட்பது ஒரே கேள்வி: "அவள் எப்படி இருக்கிறாள்?" அவரைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. நானும் என் சகாக்களும் உட்படத்தான் சொல்கிறேன். எங்கள் படிவங்களில் கணவருக்கு உள்ள இடம் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டுமே.

ஆக, வீடு திரும்பும்போது இருவரும் ஒரே இழப்பின் இரண்டு வெவ்வேறு சம்பவங்களைச் சுமந்துகொண்டு போகிறார்கள். பிறகு ஏதோ ஓர் இரவில் சண்டை வெடிக்கிறது. "உங்கள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லையே" என்று மனைவி கேட்பார். "நான் அழுதால் இவள் உடைந்துவிடுவாள்" என்றெண்ணி மாடிப்படியில் நின்று அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தவராக அவர் இருப்பார். அன்பு குறைந்ததால் வந்த சண்டை அல்ல இது. அந்தச் சில மணி நேரங்களில் மற்றவருக்கு என்ன நடந்தது என்று இருவருக்குமே தெரியாது, அவ்வளவுதான்.

அதனால் நான் முதலில் வலியுறுத்துவது மிகச் சாதாரணமான ஒன்று. வீட்டுக்குப் போன முதல் வாரத்தில் ஒரு மாலை, கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு, அன்று நடந்ததை மணி வாரியாக ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். ஆறுதல் சொல்ல வேண்டாம். "நீ உள்ளே போனபோது நான் இங்கே நின்றேன், இவர் கூப்பிட்டார், நான் இப்படிச் சொன்னேன்" என்று செய்தி சொல்வதுபோல் சொன்னால் போதும். பேச்சு வராத ஆண்கள்கூட இதைச் செய்துவிடுகிறார்கள், ஏனென்றால் உணர்ச்சியைப் பற்றிப் பேசச் சொல்லி யாரும் அவர்களை இங்கே கேட்கவில்லை. அழுகை தானாக வரும்.

மருத்துவமனையிலேயே சில விஷயங்களைக் கேட்டு வாங்கலாம். ஸ்கேன் அறைக்குள் கணவரும் வரலாமா என்று, படுக்குமுன்பே கேளுங்கள். வார்டில் பொறுப்பு மிஸியிடம் (தாதியிடம்), குழந்தை அழும் சத்தம் கேட்காத மூலையில் கட்டில் கிடைக்குமா என்று கேளுங்கள். பார்வையாளர் நேரக் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. திரைச்சீலைக்கு அப்பால் ஆடை விலகிய நிலையில் வேறு பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் பணிவாகக் கேட்டால், ஓர் ஆலோசனை அறையிலாவது அரை மணி நேரம் இருவரையும் உட்கார வைக்கும் மிஸிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நம்மவர்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை. "அரசாங்க ஆஸ்பத்திரி, என்ன சொல்வார்களோ" என்ற பழைய பயம்.

சிகிச்சை முறைகளையும் இருவருமாகக் கேட்டுக்கொள்வது நல்லது. பொதுவாக மூன்று வழிகள் உண்டு: தானாக வெளியேறும்வரை காத்திருப்பது, மாத்திரை வைப்பது, மயக்கம் கொடுத்துக் கர்ப்பப்பையைக் கழுவுவது. கடும் ரத்தப்போக்கோ கிருமித் தொற்றோ இல்லாதபோது எதைத் தேர்வது என்று யோசிக்கப் பெரும்பாலும் நேரம் இருக்கும். உடனே கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று நினைத்து நடுங்கும் தம்பதியருக்கு, "ஒரு நாள் யோசிக்கலாமா?" என்ற கேள்வியே பாதி பாரத்தை இறக்கிவிடுகிறது.

யாரும் பேச விரும்பாத கேள்வி ஒன்று உண்டு. வெளியே எடுத்ததை என்ன செய்வார்கள்? முத்துப்பிள்ளை (கரு சரியாக உருவாகாமல் நஞ்சுத் திசு முத்துக் குலைபோல் வளர்வது) போன்ற கோளாறுகள் இல்லை என்று உறுதி செய்யத் திசுவை ஆய்வகத்துக்கு அனுப்புவது வழக்கம். அதன் பிறகு என்ன, நாங்கள் பெற்றுக்கொள்ள முடியுமா என்று சிகிச்சைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும், பிறகு கேட்டுப் பயனிருக்காது. நான்கு, ஐந்து மாதக் கருவாக இருந்தால் இது இன்னும் முக்கியம். நம் வழக்கத்தில் சிசுக்களை எரிப்பதில்லை, புதைப்பதுதான். அதற்கு என்ன கடிதம் வேண்டும், எந்த இடுகாட்டில் இடம் கிடைக்கும் என்று விசாரிக்கும் வேலையைச் சித்தப்பாவோ மாமாவோ எடுத்துக்கொள்ளட்டும். பார்க்கலாமா வேண்டாமா என்பதையும் இருவரும் தனித்தனியே முடிவு செய்யலாம். ஒருவர் பார்த்து, மற்றவர் பார்க்காமல் இருப்பதில் தவறில்லை. "பார்த்தால் கனவில் வரும்" என்று வாசலில் நின்று தடுக்கும் பெரியவர்களைத்தான் நான் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வேன்.

அடுத்தது பழி. அன்னாசி சாப்பிட்டாயா, பப்பாளி சாப்பிட்டாயா, துணி வாளியைத் தூக்கினாயா என்று பெண்ணிடம் விசாரணை நடக்கும். தொடக்க மாதங்களில் நிகழும் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கருவின் குரோமோசோம்களில் தற்செயலாக நேரும் பிழை. கரு உருவான நேரத்திலேயே அது நிகழ்ந்துவிடுகிறது. அன்னாசிக்கும் வாளிக்கும் அதில் பங்கில்லை. இதைப் பெண்ணிடம் சொல்லும் அதே அழுத்தத்தோடு கணவரிடமும் சொல்ல வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தேனே, அன்று சண்டை போட்டேனே என்று உள்ளுக்குள் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்ட ஆண்கள் பலர். யாரும் கேட்காததால் அவர்களும் சொல்வதில்லை.

உறவினர்கள் நல்ல மனத்தோடுதான் பேசுகிறார்கள், ஆனால் சொற்கள் குத்துகின்றன. "நல்லவேளை, சீக்கிரமே போய்விட்டது." "அடுத்த வருடம் இரட்டையாகப் பிறக்கும்." எதைச் சொல்வதென்று தெரியாவிட்டால் சோறு கொண்டு போங்கள். இந்த விஷயத்தில் நம் பாட்டிமார்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். பிரசவித்த பெண்ணுக்குச் செய்வதுபோலவே கரு கலைந்தவளுக்கும் பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், வெந்நீர்க் குளியல் என்று பத்தியம் பார்க்கும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. "உனக்கு நேர்ந்தது ஒரு பிரசவத்துக்குச் சமம்" என்று வாயால் சொல்லாமலே சொல்லும் காரியம் அது. காயம் என்னும் நாட்டு மருந்து, லேகியம், வயிற்றைப் பிடித்துவிடுவது இவற்றை மட்டும் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். தீட்டு என்று சொல்லி அவளைத் தனி அறையில் ஒதுக்கி வைப்பதையும் நான் ஏற்கமாட்டேன். ஓய்வு வேறு, ஒதுக்குவது வேறு.

வேலையிடம்? மலேசியாவின் வேலைவாய்ப்புச் சட்டம் 1955இன்கீழ், 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுப்பு 98 நாள், தந்தையர் விடுப்பு 7 நாள். ஆனால் 22 வாரங்களுக்குப் பின் நிகழும் பிரசவத்துக்கே, குழந்தை உயிரோடு பிறந்தாலும் இறந்து பிறந்தாலும், அவை பொருந்தும். அதற்கு முன் இழந்தவருக்கு எம்சி (டாக்டர் தரும் மருத்துவ விடுப்பு) மட்டுமே, கணவருக்கு அவருடைய ஆண்டு விடுப்புதான். இது நியாயமில்லை என்பது என் கருத்து. சட்டம் மாறும்வரை, எம்சியை இரண்டு நாளோடு முடித்துவிடாமல் உடலும் மனமும் உள்ள நிலையை டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள்.

உடல் இந்த இழப்பைத் தாமதமாகத்தான் புரிந்துகொள்கிறது. ஓரிரு வாரங்களுக்கு உதிரப்போக்கு இருக்கலாம். சில வாரங்கள் வரை சிறுநீர்ச் சோதனை கர்ப்பம் என்றே காட்டலாம். நான்கு மாதத்துக்கு மேல் இழந்தவர்களுக்குப் பால் சுரப்பதும் உண்டு. முன்கூட்டியே யாரும் சொல்லாததால் சட்டை நனைந்த பிறகு அலறிக்கொண்டு கூப்பிடுகிறார்கள். மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, துர்நாற்றம் வீசினாலோ மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. வெளியே நிற்கும் கணவருக்கு நான் இரண்டு வேலைகளைத் தருவேன். மனைவியின் கைப்பேசியில் வாரா வாரம் கருவின் அளவைச் சொல்லும் செயலியை, அவரிடம் கேட்டுவிட்டு நீக்குவது ஒன்று. தாய் சேய் நலக் கிளினிக்குக்குப் போய், பிங்க் நிறக் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தைக் காட்டி, அடுத்த பரிசோதனைத் தேதிகளை ரத்து செய்வது மற்றொன்று. இல்லையென்றால் "ஏன் வரவில்லை?" என்று ஒரு நாள் தொலைபேசி வரும், அதை எடுப்பவர் மனைவியாகத்தான் இருப்பார்.

எப்போது உதவி தேட வேண்டும் என்று கேட்பார்கள். லண்டன் மருத்துவமனைகளில் செய்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், தொடக்கக் காலத்தில் கர்ப்பத்தை இழந்த பெண்களில் 29 விழுக்காட்டினரிடம் ஒரு மாதத்துக்குப் பிறகும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தின் அறிகுறிகள் இருந்தன. ஒன்பது மாதம் கழித்தும் 18 விழுக்காட்டினரிடம் அவை நீடித்தன. அந்தக் கழிவறைக் காட்சி கேட்காமலே கண்முன் வந்து நிற்பது, மருத்துவமனை இருக்கும் சாலையைத் தவிர்த்துச் சுற்றிப் போவது, தூக்கத்தில் திடுக்கிடுவது, இவை ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் கிளினிக்கில் சொல்லி மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். ஆண்களிடம் அது பெரும்பாலும் எரிச்சலாகவும் குடியாகவும் ஓயாத ஓவர்டைமாகவும் வருகிறது. மனம் தாங்காதபோது தொலைபேசியில் பேச, சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, காலை 8 முதல் நள்ளிரவு வரை. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, நாள் முழுவதும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இரவோ பகலோ, நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

தைப்பூசம் நெருங்கும்போது வேறொரு கேள்வி வருகிறது. பிள்ளை பிறந்தால் தண்ணீர்மலை முருகன் கோயிலில் கரும்புத் தொட்டில் எடுப்பதாக வேண்டிக்கொண்டவர்கள், "நேர்த்திக்கடன் என்ன ஆவது?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல நான் அருகதையற்றவள். அந்தத் தம்பதியர் கோயில் ஐயரைக் கேட்கட்டும். கூட்டத்தில் தொட்டில்களைப் பார்க்கத் தாங்காது என்றால் அந்த ஆண்டு போகாமலும் இருக்கலாம் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

மறுபடி கருத்தரித்தால், முதல் வருகையிலேயே முந்தைய இழப்பை மிஸியிடம் சொல்லிப் புத்தகத்தில் எழுத வையுங்கள். கொஞ்சம் முன்னதாகவே ஸ்கேன் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அந்த நாளுக்குக் கணவர் இப்போதே விடுப்பு எழுதிக் கொடுத்துவிடட்டும்.