பைக்கில் கை வைக்கும் முன்: எதற்கு அனுமதி வேண்டாம், எதற்கு வேண்டும்

வீட்டு வாசலில் ஸ்டாண்ட் போட்டு நம் வண்டிக்கு நாமே ஆயில் மாற்றலாமா என்று யாரும் கேட்பதில்லை. சைலன்சர், ஹேண்டில்பார், கலர் என்று வரும்போதுதான் ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. மெக்கானிக் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்பார். உதிரிபாகக் கடைக்காரர் "எல்லாரும் போடுறாங்க சார்" என்பார். அபராதம் வந்தால் இவர்கள் யாரும் கட்டப்போவதில்லை. ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், யார் பெயர் இருக்கிறதோ அவர் தலையில்தான் அது விழும்.

முதலில் பயப்பட வேண்டாத பக்கம். பராமரிப்பு வேலைக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் ஷூ, செயின் ஸ்ப்ராக்கெட், கிளட்ச் கேபிள், பேட்டரி எல்லாவற்றையும் நீங்களே மாற்றலாம். தேய்ந்ததைக் கழற்றிவிட்டு அதே அளவில், அதே வகையில் புதியதைப் போடுவது சட்டத்தின் பார்வையில் மாற்றமே இல்லை. வாரண்டி காலத்தில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். கம்பெனி சொன்ன சர்வீஸ்களைத் தவறவிட்டால் வாரண்டி கேட்கும்போது தகராறு வரும். அது உங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம், ஆர்.டி.ஓ.வுக்கு அதில் வேலையில்லை.

பிரிவு 52 என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவுதான் இந்த விஷயத்தில் அடித்தளம். வண்டியைத் தயாரித்த நிறுவனம் கொடுத்த விவரங்கள் ஆர்.சி.யில் ஏறியிருக்கும். அந்த விவரங்களோடு முரண்படும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2000-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகுதான் இந்த விதி இவ்வளவு கடுமையானது. வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படி அதன் அமைப்பை மாற்றுவதுதான் "மாற்றம்" என்று அந்தப் பிரிவே விளக்கமும் கொடுக்கிறது.

கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களுக்கு மாறாக வண்டி இருக்கக் கூடாது, விதிகளில் இடம் இருக்கிறது என்று சொல்லிச் சட்டத்தைத் தாண்டவும் முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அன்றைக்கு "இனிமேல் பைக் மாடிஃபிகேஷனே செய்யக் கூடாதாம்" என்று பரவிய செய்தி பாதிதான் சரி. ஆர்.சி.யில் உள்ள எல்லாமே கல்லில் செதுக்கியதல்ல. கலர் மாற்றுவது போன்றவற்றுக்கு முறைப்படி வழி இருக்கிறது.

தண்டனை எவ்வளவு? 2019 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 182ஏ-யின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனியுங்கள். ஒரே வண்டியில் மூன்று வேலை செய்திருந்தால் கணக்கும் மூன்றாகலாம். இது சட்டத்தில் உள்ள அளவு. கோர்ட்டுக்குப் போகாமல் முடித்துக்கொள்ள ரோட்டில் வசூலிக்கும் சமரசத் தொகையை மாநில அரசு நிர்ணயிக்கிறது; தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் பல குற்றங்களுக்கான தொகையை உயர்த்தினார்கள்.

கலரும் இன்ஜினும்

ஒரு வேலையில் இறங்குமுன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். கலர், எரிபொருள், இன்ஜின் எண், சேசிஸ் எண், சி.சி., இருக்கை எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் செய்யப்போகும் வேலையால் இவற்றில் ஒன்று பொய்யாகிறது என்றால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகம், அப்புறம்தான் ஸ்பேனர்.

கறுப்பு வண்டியை முழுசாகச் சிவப்பாக்க நினைத்தால் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி மாற்றத்துக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டி, ஆர்.சி.யில் புது நிறத்தை ஏற்ற வேண்டும். இன்ஜின் போய்விட்டது, அதே மாடல் இன்ஜின் கிடைக்கிறது என்றாலும் இதே வழிதான். கூடவே அந்த இன்ஜினை வாங்கிய பில் வேண்டும். பில் இல்லாத இன்ஜினை விலை மலிவென்று வாங்காதீர்கள். திருட்டு வண்டியுடையதாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வண்டி கடனில் இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் தேவைப்படும்.

வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பவர்கள் அடிக்கடி கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. சேசிஸ் எண் பெரும்பாலும் ஹேண்டில் திரும்பும் இடத்தில், ஃபிரேமின் கழுத்தில் பொறித்திருக்கும். பழைய பெயிண்டைச் சுரண்டும்போது அதைத் தேய்த்துவிட்டாலோ, பவுடர் கோட்டிங் தடிமனாக ஏறி எண் மூடிப்போனாலோ பெரிய தலைவலி. ஆய்வின்போது அந்த எண்ணின் மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுப்பார்கள். தெரியாவிட்டால் வண்டி திருட்டு வண்டியோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். அந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள்.

ஆர்.சி.யில் இல்லை, ஆனாலும் மாட்டும்

சைலன்சர் பற்றி ஆர்.சி.யில் ஒரு வார்த்தை இருக்காது. அதனால் மாற்றலாம் என்று அர்த்தமில்லை. புது வண்டி வெளிவரும்போதே சத்தத்துக்கு அளவு உண்டு: 80 சி.சி. வரை 75 டெசிபல், 175 சி.சி. வரை 77, அதற்கு மேல் 80. 2005 ஏப்ரல் முதலான விதி இது. கம்பெனி சைலன்சரோடு சோதித்துத்தான் உங்கள் மாடல் ஒப்புதல் வாங்கியிருக்கிறது. இப்போதைய வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அந்தக் குழாய்க்குள்தான் இருக்கிறது. ஆகவே வெளிச்சந்தைச் சைலன்சர் போடுபவர் பல நேரங்களில் சத்தம், புகை என இரண்டு விதிகளையும் ஒரே நட்டில் கழற்றிவிடுகிறார். இதற்குப் பிரிவு 190(2): முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம். புகைக் குழாயில் சைலன்சரைத் தவிர்த்து வழி வைத்திருந்தால் பிரிவு 194எஃப் தனியாக வரும். சத்தத்தைக் குறைக்கச் சைலன்சர் முனையில் செருகும் டிபி கில்லரைப் பாக்கெட்டுக்குள் வைத்திருந்து, போலீஸைக் கண்டதும் மாட்டிக்கொள்ளலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். சூடான குழாயில் முயன்று பாருங்கள், தெரியும்.

பின்னால் உட்காருபவருக்கான பொருட்களை அழகுக்காகக் கழற்றுவது இன்னொரு பழக்கம். மத்திய மோட்டார் வாகன விதி 123-ன்படி பைக்கில் பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் கட்டாயம். துணி சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் காப்பும் வேண்டும், அதாவது சாரி கார்டு. புடவைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றிக்கொள்வதால் நடக்கும் விபத்துகளை நினைத்தால், நான் இந்த விதியின் பக்கம்தான். இதே விதியில் 2020-ல் வந்த திருத்தம் டெலிவரி வேலை செய்பவர்களுக்கு முக்கியம். பெட்டியின் அளவு 550 மி.மீ. நீளம், 510 அகலம், 500 உயரத்தைத் தாண்டக் கூடாது. பின்சீட் இடத்தில் பெட்டி வைத்தால் ஓட்டுபவர் மட்டுமே போகலாம்.

விளக்கில் சுருக்கமாக: முன்பக்கம் சிவப்பு கூடாது, எதிரே வருபவரின் கண் கூசக் கூடாது, ஸ்பாட் லைட் பொருத்துவதை விதி 111 தடுக்கிறது. நம்பர் பிளேட்டில் ஸ்டைல் எழுத்து வேண்டவே வேண்டாம். 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளின் உயர்பாதுகாப்புப் பிளேட்டைக் கழற்றவே கூடாது. டயரில் பள்ளம் 0.8 மி.மீ.க்குக் கீழே போனால் அதுவும் விதிமீறல், அதற்கு முன்பே மழையில் வழுக்கும் என்பது வேறு.

ஹேண்டில்பார், சீட், அகலமான டயர்? இங்கேதான் சட்டம் தெளிவாகக் கோடு போடவில்லை. "அடிப்படைத் தன்மை மாறுகிறதா" என்ற கேள்விக்கு இன்ஸ்பெக்டருக்கு இன்ஸ்பெக்டர் பதில் மாறும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்குள் நிற்பதும், அதே நிறுவனம் உங்கள் மாடலுக்கென்று விற்கும் துணைப்பொருளை பில்லோடு வாங்குவதும் என் பார்வையில் பாதுகாப்பான வழி. ஃபிரேமை வெட்டி வெல்டிங் வைப்பதில் சந்தேகமே இல்லை, அது கூடாது.

பெட்ரோல் வண்டியை மின்சார வண்டியாக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் ஏ.ஆர்.ஏ.ஐ., ஐகேட் போன்ற சோதனை நிறுவனங்களின் ஒப்புதல் பெற்ற கிட் உங்கள் மாடலுக்கு இருக்க வேண்டும். பொருத்திய பின் ஆர்.சி.யிலும் எரிபொருள் மாற வேண்டும். ஆன்லைனில் மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி எனத் தனித்தனியாக வாங்கிக் கோர்ப்பது இதில் சேராது. மாற்றுத்திறனாளிகள் இணைப்புச் சக்கரம் பொருத்துவதற்கும் தனி இடம் உண்டு. அதையும் ஆர்.சி.யில் பதிந்துகொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் சொல்வது நல்லது. கூடுதலாகப் பொருத்திய பொருளை முன்பே தெரிவித்துப் பிரீமியம் கட்டியிருந்தால்தான் அதற்கு இழப்பீடு கேட்க முடியும். சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்மை இழுத்தடிக்கவோ மறுக்கவோ ஒரு காரணமாகிவிடும்.

வீட்டில் வேலை செய்பவர்கள் மறக்கும் விதி வண்டியைப் பற்றியதே அல்ல. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. 2016-ன் அபாயகரக் கழிவு விதிகளில் அது வருகிறது. ஒரு கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க் ஷாப்பில் கொடுங்கள். பழைய பேட்டரிக்கு 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகள் உண்டு. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையிலும் குறைப்பார்கள்.

கழற்றிய கம்பெனி பாகங்களைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. நம்மூரில் எஃப்.சி. என்று சொல்வது இதைத்தான். அன்றைக்குச் சாரி கார்டையும் ஒரிஜினல் சைலன்சரையும் தேடி அலைபவர்கள் நிறைய. பழைய மாடலாக இருந்தால் அவை புதிதாகக் கிடைப்பது கஷ்டம்.