மேட்டில் வேர்வை ஏன் சொட்டுகிறது?

வேலூரிலிருந்து அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஆலங்காயம் வழியாகக் காவலூர் போகும் சாலை, ஒரு முழுநாள் சைக்கிள் பயணத்துக்கு அருமையானது. ஆலங்காயம் தாண்டியதும் ஜவ்வாது மலை ஏற்றம் தொடங்கிவிடும். முதன்முறை வருகிறவர்கள், “கால் தாங்குமா?” என்றுதான் கேட்பார்கள். கால் எப்படியும் பழகிவிடும். கணக்கில் எடுக்க வேண்டியது உடம்புச் சூட்டை.

தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது. மீதி முக்கால் பங்கும் வெப்பமாகிறது. ஆளும் சைக்கிளும் பையுமாக 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போக, பெடலில் சுமார் 90 வாட் வேண்டும். அப்படியென்றால் உடம்பில் 270 வாட் வெப்பம் உண்டாகிறது. உச்சி வெயில் தன் பங்குக்கு நூறு வாட்டுக்கு மேல் சேர்க்கும்.

காற்று நம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் இந்த வெப்பத்தில் ஒரு பகுதி தானாகவே வெளியேறும். தோலின் வெப்பநிலை 35 டிகிரிக்குப் பக்கம். வேலூரில் கோடையில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். அந்த நேரத்தில் வெப்பம் காற்றிலிருந்து உடம்புக்குள்தான் வரும். அப்போது மிச்சமிருக்கும் ஒரே வழி வேர்வை. ஒரு லிட்டர் வேர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மேலே சொன்ன 270 வாட்டைச் சமாளிக்க மணிக்குச் சுமார் 400 மில்லி வேர்வை போதும்.

ஆனால் அது தோலிலேயே ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுந்த வேர்வையால் உடம்புக்குக் குளிர்ச்சியே இல்லை. தண்ணீரும் உப்பும்தான் நஷ்டம். தோலை ஒட்டியிருக்கும் ஈரக்காற்றை விலக்கிவிட்டுப் புதுக்காற்று வந்துகொண்டே இருந்தால்தான் வேர்வை காயும். சமதரையில் நாம் போகிற வேகமே அந்தக் காற்றை உண்டாக்குகிறது. அதனால்தான் சமவெளியில் சட்டை அவ்வளவாக நனைவதில்லை. நின்றதும் குபுகுபுவென்று வேர்க்கிறது. நிறுத்தியதால் புதிதாக வேர்ப்பதாகத் தோன்றும். அதுவரை வந்ததெல்லாம் உடனுக்குடன் காய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். காய்ந்த சட்டையின் முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பைப் பார்த்தால், எவ்வளவு வேர்த்திருக்கிறது என்று தெரியும்.

சரி, மேட்டுக்கு வருவோம். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏறவே சுமார் 125 வாட் தேவை. வெப்பம் 375 வாட்டாகிவிடுகிறது. அதே சமயம் முகத்தில் படும் காற்று பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. சூடு கூடுகிறது, அதை வெளியேற்றும் வழி சுருங்குகிறது. ஹேண்டில்பார் மேல் வேர்வை சொட்டுச் சொட்டாக விழுவது இதனால்தான். 65 கிலோ எடையுள்ள ஒருவர் இந்த வெப்பம் எதையும் வெளியேற்ற முடியாமல் போனால், பத்தே நிமிடத்தில் உடம்புச் சூடு ஒரு டிகிரி ஏறிவிடும்.

இங்கே பலர் யோசிக்காத ஒரு விஷயம் உண்டு. மேட்டில் பின்காற்று வீசினால் சந்தோஷப்படுகிறோம். நாம் 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது பின்னாலிருந்து அதே வேகத்தில் காற்று வீசினால், உடம்புக்குக் காற்றே இல்லை என்று அர்த்தம். ஏறும்போது லேசான எதிர்காற்றுதான் நல்லது. அந்த வேகத்தில் அது இழுக்கும் இழுப்பு மிகக் குறைவு, கிடைக்கும் குளிர்ச்சி அதிகம். சமதரையில் கதை வேறு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஆடி மாதத்தில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது வேலூரிலிருந்து ஆலங்காயம் பக்கம் போவது நேராகக் காற்றுக்குள் நுழைவதுதான். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடும்.

கியரால் என்ன பயன்? வேலூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 220 மீட்டர், காவலூர் 725 மீட்டர். இந்த 500 மீட்டர் உயரத்துக்கு 90 கிலோவைத் தூக்க உடம்பு செலவழிப்பது 400 கிலோகலோரிக்குச் சற்று மேல், கிட்டத்தட்ட எட்டு இட்லி. எந்தக் கியர் போட்டாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. ஆனால் எவ்வளவு நேரத்தில் அதைச் செலவழிப்பது என்பது நம் கையில் இருக்கிறது. சின்னக் கியரில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால், வெப்பம் உண்டாகும் வேகமும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. வெயிலில் பெரிய கியரை அழுத்தி மிதித்து ஏறுவதை வீரமாக நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. மேலே போகப் போக மலையும் கொஞ்சம் உதவும்: காவலூரில் காற்று வேலூரைவிட மூன்று டிகிரி போலக் குளிர்ந்திருக்கும்.

குடிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மணிக்கணக்கில் வேர்த்துவிட்டு வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும்; தலைவலி, குமட்டலில் தொடங்கி ஆபத்து வரைக்கும் போகலாம். சிறுகுடல், சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே இழுக்கிறது. அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. அதனால் ஓ.ஆர்.எஸ்., உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சை ஜூஸ் இரண்டுமே உடம்பில் சீக்கிரம் சேரும். வழியில் உப்புப் போட்ட கேழ்வரகுக் கூழோ நீர்மோரோ கிடைத்தால் விடாதீர்கள். பாட்டிலுக்கு நனைத்த சாக்ஸ் மாட்டிவிட்டால், ஓடுகிற காற்றில் அது காய்ந்து காய்ந்து தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும்.

விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பி, பத்து மணிக்குள் ஏற்றத்தை முடிப்பதுதான் நல்ல திட்டம். கூட வருபவர் பேச்சுக் குழறினாலோ, சைக்கிளை நேராக ஓட்ட முடியாமல் தள்ளாடினாலோ, ‘இன்னும் ரெண்டு வளைவுதான்’ என்று தைரியம் சொல்லாதீர்கள். மூளை வரைக்கும் சூடு ஏறிவிட்டதற்கு அதுதான் அடையாளம். அப்போதும் வேர்வை வழிந்துகொண்டிருக்கலாம். நிழலில் படுக்கவைத்து, துணியைத் தளர்த்தி, இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பின் மேல் ஊற்றி விடாமல் விசிற வேண்டும். நினைவு தடுமாறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒருவர் விசிறும்போதே இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும்.